பல்லுக்காரரும் பச்சைக் காரும்

முலாம் பூசும் பட்டறையிலிருந்து காரின் குரோம் சாமான்கள் வீடு வந்து சேர்ந்த அன்று, பல்லுக்காரர் தன் கட்டிலை அவற்றுக்கு விட்டுக்கொடுத்தார். தன் கட்டில் என்று அவர் சொல்லிக்கொண்டாலும் அதில் பாதி அவர் மனைவியுடையது. அந்தப் பாதியைப் பற்றி அவர் யாரையும் கேட்கவில்லை. பழைய போர்வை ஒன்றை விரித்து, கதவுகளின் மேல் ஓடும் நீளப் பட்டைகள், ஜன்னல் ஓரச் சட்டங்கள், கிரில் கம்பிகள், விளக்கு வளையங்கள் என்று ஒவ்வொன்றாக, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோலக் கிடத்தினார். மாலையில் தையல் கடையைப் பூட்டிவிட்டு மனைவி வந்து பார்த்தபோது அவள் தலையணையில் பம்பர் சாய்ந்திருந்தது.

"இவங்கல்லாம் எத்தனை நாள் தங்குவாங்க?" என்று கேட்டாள்.

"ஒரு வாரம். ஒரே வாரத்துல மாட்டிடுவேன்."

"போர்வை போத்தி விடட்டுமா? குளிருமே."

பல்லுக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் பம்பருக்கு அடியிலிருந்து தன் தலையணையை உருவிக்கொண்டு கூடத்து சோபாவுக்குப் போனாள். அந்த சோபாவில் அவள் எத்தனை நாள் படுக்க நேர்ந்தது என்பதை அவள் கணக்கு வைத்துக்கொள்ளாதது அவளுடைய பெருந்தன்மை.

அவரைப் பல்லுக்காரர் என்று தெரு அழைத்ததில் ஒரு சின்னப் பிழை உண்டு. அவர் பல் டாக்டர் இல்லை. யாரிடமும் வாயைத் திற என்று அவர் சொன்னதே கிடையாது. டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, மெழுகில் ஈறு பிடித்து, அதில் பல் வரிசையைப் பதித்து, வார்த்து, தேய்த்து, மெருகேற்றி, டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்புவார். அந்தப் பற்களுக்குச் சொந்தக்காரர்களை அவர் பார்த்ததில்லை. எப்போதாவது பஸ்ஸிலோ பேங்க் வரிசையிலோ முன்பின் தெரியாத ஒருவர் சிரிக்கும்போது, அட, இது நம்ம கைவேலை ஆச்சே என்று அவருக்குச் சட்டென்று தெரிந்துவிடும். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? திருதிருவென்று அந்த வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதனால் ஒன்றிரண்டு பேரிடம் திட்டு வாங்கியும் இருக்கிறார்.

மனைவியை முதன்முதலில் பார்த்தபோது அவர் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை, "உங்க கோரைப்பல் ரெண்டும் பிரமாதம்." அவர் வாழ்க்கையில் ஒரு பெண்ணைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. இன்னும் ஒழுங்காகப் பாராட்டியிருக்கலாம் என்று அவருக்கே பிற்பாடு தோன்றியதுண்டு. அவள் அதை இன்றுவரை வீட்டுக்கு வருகிற ஒருவரையும் விடாமல் சொல்லிக் காட்டுகிறாள்.

பச்சைக் கார் அவள் அப்பாவினுடையது. அகலமான முகமும் உருண்டைக் கண்களுமாக, ஒரு காலத்தில் அந்தத் தெருவையே அடைத்துக்கொண்டு நின்ற வண்டி. மாமனார் அதை ஓட்டியதைவிடத் துடைத்ததுதான் அதிகம். அவர் போன பிறகு வீட்டுக்குப் பக்கவாட்டிலிருந்த தகர ஷெட்டில் பெட்டிகளும் கிழிந்த குடைகளும் சேர்ந்து அதை மூடிவிட்டன. ஷெட் மகளுக்கு வந்தது; ஷெட்டோடு காரும் வந்தது. மகளுக்குக் கார் ஓட்டத் தெரியும், அப்பாவே சொல்லிக்கொடுத்தார். மருமகனுக்குத் தெரியாது. ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தால் அவருக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். ஓட்டத் தெரியாத மனிதருக்கு அந்த வண்டியின் மேல் அப்படி ஒரு மோகம் எப்படி வந்தது என்றால், குரோம்தான் காரணம். ஒருநாள் குடை தேடி ஷெட்டுக்குள் போனவர், துருப்பிடித்த கிரில்லைப் பார்த்துக் குடையை மறந்தார். "பாவம், எல்லாப் பல்லும் போச்சு" என்று மனைவியிடம் வந்து சொன்னார். அடுத்த மாதமே ஸ்க்ரூடிரைவரோடு ஷெட்டுக்குள் குடியேறிவிட்டார்.

இன்ஜினை மெக்கானிக் பார்த்துக்கொண்டார். உடம்பைத் தட்டி நிமிர்த்தி, பழையபடி பச்சை அடிக்க ஒரு பெயிண்டர் வந்தார். குரோம் வேலையை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று பல்லுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அரை மயிரிழை தப்பினாலும் ஈறு புண்ணாகிவிடும் தொழிலில் இருப்பவர். ஒரு தகரப் பட்டையை மாட்டுவதா பெரிய வித்தை என்று நினைத்தார்.

கழற்றும்போது மனைவி சொன்னாள், "ஒவ்வொண்ணுலயும் ஒரு சீட்டு கட்டி வைங்க. எது எந்தப் பக்கம்னு மறந்துடப் போறீங்க."

"சீட்டா? ஒரே தட்டுல பத்து பேர் பல்லு வச்சு வேலை பாக்கறவன் நான். ஒருத்தர் பல்லு இன்னொருத்தர் வாய்க்குப் போயிருக்கா?"

"போயிருந்தா அவங்க எப்படிச் சொல்லுவாங்க, வாய்ல வேற ஆள் பல்லு இருக்கும்போது?"

அதற்கும் ஒரு ஏற்பாடு செய்திருப்பதாக அவர் சொன்னார். ஒவ்வொரு பட்டையின் பின்பக்கமும் மெழுகுப் பென்சிலால் எழுதியிருந்தார். இடது முன், இடது பின், வலது மேல். எழுத்து முத்து முத்தாக இருந்தது. பட்டறைக்குப் போன சாமான்களை முலாம்காரர் அமிலத் தொட்டியில் முக்கி, பழைய முலாமையும் துருவையும் அதோடு அந்த முத்து முத்தான எழுத்தையும் சுத்தமாகக் கழுவி எடுத்துவிட்டுத்தான் புது முலாம் பூசினார். திரும்பி வந்த பட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி மின்னின. எதற்கும் பெயர் இல்லை.

கட்டிலின் முன் நின்று பல்லுக்காரர் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சமையலறையிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, எழுதினது படிக்க முடியுதா? கண்ணாடி எடுத்துத் தரவா?"

"எல்லாம் தெரியுது" என்றார் அவர். அவருக்குத் தெரிந்தது அவருடைய முகம்தான்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, தொழில் கைகொடுத்தது. ஈறு செய்யும் மெழுகுத் தகட்டை இளஞ்சூட்டில் வாட்டி, காரின் ஒவ்வொரு கதவிலும் வைத்து அழுத்தினார். கதவின் வளைவும், பட்டை மாட்டும் துளைகளும் மெழுகில் அப்படியே பதிந்தன. அந்த அச்சுகளைக் கொண்டுவந்து கட்டிலில் கிடந்த பட்டைகளோடு ஒத்துப் பார்த்தார். சேருவது சேர்ந்தது, சேராதது முறைத்துக்கொண்டது. நாலைந்து மாலைப் பொழுதுகளில் எல்லாவற்றுக்கும் பெயர் கிடைத்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் ஒரு அச்சைக் கையில் எடுத்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவள் அந்த வார்த்தையை அவ்வளவு சுலபமாக யாருக்கும் கொடுத்துவிட மாட்டாள். "இனிமே சீட்டு கட்டுங்க" என்று ஒரு உருண்டை நூலையும் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

முதலில் கிரில்லை மாட்டினார். செங்குத்தான கம்பிகள், ஒவ்வொன்றும் கீழே ஒரு நட்டில் உட்கார வேண்டும். அவர் அதைச் செய்த விதத்தைப் பார்க்கத் தெருவில் இரண்டு மூன்று பேர் ஷெட் வாசலில் நின்றார்கள். ஒரு கம்பியை மாட்டுவார், பின்னால் போய் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார், திரும்பி வந்து ஒரு நூல் அளவு இறக்குவார், மறுபடி பின்னால் போவார். வண்டி இப்போது வாயை மூடப் போகிறது என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வார். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன், "அண்ணே, கடிச்சுப் பாக்கச் சொல்லுங்க" என்றார். பல்லுக்காரர் சிரிக்கவில்லை. உண்மையில் அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

கிரில் அழகாகவே வந்தது. அதில் வந்த தைரியத்தில்தான் நீளப் பட்டையில் மாட்டிக்கொண்டார்.

இடதுபக்க முன்கதவுப் பட்டைதான் எல்லாவற்றிலும் நீளம். அதன் பின்புறம் காடிபோலக் குழிந்திருக்கும். அந்தக் காடியில் சின்னச் சின்ன ஸ்பிரிங் கிளிப்புகளைச் செருகி, ஒவ்வொரு கிளிப்பையும் கதவில் உள்ள துளைக்கு நேராக நிறுத்தி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் டப்பென்று உட்கார்ந்துவிடும். உட்கார வேண்டும். பல்லுக்காரர் முன்கண்ணாடிப் பக்கத்து முனையிலிருந்து ஆரம்பித்தார். முதல் கிளிப் டப். இரண்டாவது டப். மூன்றாவது கொஞ்சம் முரண்டு பிடித்தது, கட்டைவிரலால் அழுத்தியதும் அடங்கியது. கடைசிக் கிளிப்புக்கு வரும்போது அது துளைக்கு நேராக இல்லை, அரை விரல் தள்ளி நின்றது. இவ்வளவு வந்துவிட்டு விடுவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு அழுத்து அழுத்தினார். கிளிப் துளைக்குள் போகாமல் சறுக்கியது. சறுக்கிய கிளிப்பின் முனை, புது பச்சை பெயிண்டில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு கிழித்துவிட்டு நின்றது.

பட்டையைக் கழற்றிக் கீழே வைத்தார். கோட்டை எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தார். சட்டை நுனியால் துடைத்தார். கோடு பளிச்சென்று தெரிந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ஞாயிற்றுக்கிழமை. மச்சான் வந்துவிட்டார்.

மச்சான் என்பது மனைவியின் அண்ணன். லிப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கக் கட்டடம் கட்டடமாகப் போய், கம்பி வடம் தேய்ந்திருக்கிறதா, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்துப் பார்த்து, எதையும் ஒருமுறை ஆட்டிப் பார்க்காமல் நம்புவதில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டவர். எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காரும் முன் நாற்காலியை ஆட்டுவார். அவர் மட்டும் எங்கே போனாலும் படியேறித்தான் போவார். கேட்டால், "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்பார். ஞாயிறுதோறும் வந்து காரைச் சுற்றி ஒரு சுற்று வந்து, மாட்டியதையெல்லாம் பிடித்து ஆட்டிவிட்டு, அபிப்பிராயம் சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போவது அவர் வழக்கம். முகத்தில் மட்டும் எதுவும் தெரியாது. அவர் சிரித்துப் பார்த்தவர்கள் அந்தக் குடும்பத்தில் யாரும் இல்லை.

ஷெட்டுக்குள் அவர் நுழைந்தபோது பல்லுக்காரர் இடதுபக்க முன்கதவில் இடுப்பைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு, மிகச் சாவகாசமாக நின்றிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, வேலை ஓடுதா?"

"ஓடுது மச்சான்."

மச்சான் கிரில்லை ஆட்டினார். ஆடவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். வலதுபக்கமாகப் போய் ஒவ்வொரு சட்டமாக ஆட்டிக்கொண்டே பின்னால் வந்தார். இடதுபக்கம் திரும்பினார். பல்லுக்காரர் அசையவில்லை.

"கொஞ்சம் நகருங்க, அந்தக் கதவைப் பாக்கறேன்."

"அதுல ஒண்ணும் மாட்டல மச்சான். அடுத்த வாரம் பாருங்க."

"சரி, வாங்க, உக்காந்து பேசுவோம்."

"நீங்க உக்காருங்க. நிக்கறதுதான் முதுகுக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"எந்த டாக்டர்?"

அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வகை டாக்டர்தான். "பல் டாக்டர்" என்றார்.

மச்சான் ஸ்டூலை ஆட்டிப் பார்த்து உட்கார்ந்தார். காபி வந்தது, பல்லுக்காரர் நின்றபடியே குடித்தார். பேச்சு எங்கெங்கோ போனது. மச்சான் தன் குடியிருப்பின் லிப்ட்டைப் பற்றி நிறையச் சொன்னார். பல்லுக்காரருக்கு ஒரு கால் மரத்துப்போனது. மெல்ல மறுகாலுக்கு மாறினார். இடுப்பு மட்டும் இம்மி நகரவில்லை. சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி வாசலில் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாப்பிட வரலியா?"

"நீங்க சாப்பிடுங்க. எனக்கு ஒரு தட்டுல போட்டு இங்கயே குடுத்துடு. வேலை இருக்கு."

"என்ன வேலை? சாஞ்சு நிக்கற வேலையா?"

"யோசிச்சிட்டிருக்கேன்."

அவள் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு உடனே போகாமல், "அண்ணே, இவர் ஃபோட்டோவுக்கு நிக்கற மாதிரி இருக்குல்ல?" என்றாள். அண்ணன் கூர்ந்து பார்த்து, "கொஞ்சம் வலப்பக்கம் சாஞ்சிருக்கார்" என்று தன் தொழில் அபிப்பிராயத்தைச் சொன்னார். சாப்பாட்டுக்குப் பிறகு மச்சான் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து, இன்னொரு காபி குடித்து, வெயில் தாழ்ந்த பிறகுதான் சைக்கிளை எடுத்தார். அதுவரை பல்லுக்காரர் அந்தக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார்.

மணிச் சத்தம் தேய்ந்ததும் மனைவி ஷெட்டுக்குள் வந்தாள். "அண்ணன் தெருமுனை திரும்பியாச்சு. இப்பக் கதவுக்கு விடுதலை குடுக்கலாம்."

நகர்ந்தார். நகர்ந்தபோது மரத்துப்போன கால் மடங்கி, அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவள் கோட்டைப் பார்த்தாள். கீழே கிடந்த பட்டையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அசடு வழிந்தது.

"எந்த முனையிலேர்ந்து ஆரம்பிச்சீங்க?"

"கண்ணாடிப் பக்கத்திலேர்ந்து."

"நான் என்னிக்காவது ஒரு கரையை ஒரு முனையில புடிச்சு மறு முனை வரைக்கும் அப்படியே மிஷின்ல ஓட்டி நீங்க பாத்திருக்கீங்களா?"

பல்லுக்காரர் யோசித்தார். அவள் தைப்பதை அவர் இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் கவனித்ததில்லை. அதைச் சொல்வது உசிதமாகப் படவில்லை.

"நடுவுல ஒரு ஊசி. ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொண்ணு. மிச்சமெல்லாம் அதுக்கப்புறம். இல்லன்னா துணி தள்ளிக்கிட்டே போய்க் கடைசியில ஒரு முழம் மிஞ்சும்" என்றாள். "வாங்க. டேப் எங்க இருக்கு?"

முதலில் கதவில், பட்டை உட்காரும் இடத்துக்கு மேலும் கீழும், பெயிண்ட் கீறாமலிருக்கக் காகித டேப் ஒட்டினாள். கிளிப்புகளைக் காடியில் செருகி, இன்ச் டேப்பால் துளைக்குத் துளை அளந்து ஒவ்வொன்றையும் அதன் இடத்துக்குத் தள்ளினாள். அளக்கும்போது மீதிக் கிளிப்புகளைக் குண்டூசிபோல உதட்டுக்கிடையில் கவ்விக்கொண்டாள். அவரால் பொறுக்க முடியவில்லை. "இரும்பைக் கடிக்காத. பல் தேஞ்சுடும்" என்றார். அவள் வாய் திறக்க முடியாமல் கண்ணாலேயே பதில் சொன்னாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். நடுக் கிளிப்பை அவர் அழுத்தினார். டப். ஓரங்கள் இரண்டும் டப் டப். மற்றவை தாமாகவே வழிக்கு வந்தன.

கோட்டில் பாதியைப் பட்டை மறைத்துவிட்டது. மீதிப் பாதி பட்டைக்குக் கீழே எட்டிப் பார்த்தது. அதை அவர் பார்த்துக்கொண்டார். பெயிண்டர் விட்டுப்போன பச்சையில் ஒரு சொட்டு எடுத்து, அதில் ஒரு துளி கறுப்பும் துளியிலும் துளியாக மஞ்சளும் கலந்து, ஈறுக்கு நிறம் தீட்டும் மெல்லிய தூரிகையால் வைத்தார். காய்ந்ததும் தேய்த்து மெருகேற்றினார். எங்கே கீறியது என்று அவருக்கே தெரியவில்லை. அடுத்த ஞாயிறு மச்சான் அந்தக் கதவை இரண்டு முறை ஆட்டிவிட்டு, "இதுக்கா அவ்ளோ யோசிச்சீங்க?" என்று கேட்டார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு வேலை வேகமெடுத்தது. மாலையில் கடையைப் பூட்டிவிட்டு அவள் வந்துவிடுவாள். அவள் அளப்பாள், அவர் அழுத்துவார். ஜன்னல் சட்டங்கள், பின்விளக்கு வளையங்கள், சக்கர மூடிகள் என்று கட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. கடைசியில் பம்பரும் கிளம்பிப்போனதும் அவள் போர்வையை உதறி மடித்துவிட்டு, தலையணையைத் திரும்பக் கொண்டுவந்து போட்டாள்.

எல்லாம் முடிந்தும் முடியவில்லை. பானெட்டின் நுனியில் இரண்டு துளைகள் இருந்தன.

அங்கே முன்பு ஒரு பறவை இருந்தது. சிறகை விரித்து முன்னால் பாய்கிற, ஒரு சாண்கூட இல்லாத குரோம் பறவை. மாமனார் போன அன்று, வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது, மச்சான் ஷெட்டுக்குள் போய் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் கேட்கவில்லை. அவர் வீட்டு மேசையில், மின்சாரப் பில்களின் மேல் அது உட்கார்ந்திருக்கும். போகும்போதெல்லாம் பல்லுக்காரர் பார்த்திருக்கிறார்.

"அண்ணன்கிட்ட கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"நான் ஏன் கேக்கணும்? உன் அண்ணன். நீ கேளு."

"அப்பா வண்டியா இருந்தா கேட்டிருப்பேன். நீங்கதான் கையை வைக்க விடாம உங்க வண்டி ஆக்கிட்டீங்களே."

இருவரும் கேட்கவில்லை. மச்சானும் ஞாயிறுதோறும் வந்து, ஒவ்வொன்றையும் ஆட்டிக்கொண்டே வந்து, பானெட் நுனிக்கு வரும்போது மட்டும் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு கூரையைப் பார்ப்பார்.

பல்லுக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். நாமே ஒன்று செய்துவிட்டால் யாரிடமும் கையேந்த வேண்டாமே. கழற்றி மாட்டும் பல்செட்டுகளின் கம்பிச் சட்டத்துக்கு ஒரு உலோகம் இருக்கிறது. முலாமே பூசாமல் குரோம் மாதிரி மின்னும். மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றிச் சாந்து ஊற்றி இறுகவைத்து, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை வார்ப்பது அவருக்கு அன்றாட வேலை. பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு மெழுகில் பறவை செய்தார். முதல் பறவை வாத்துபோல வந்தது. இரண்டாவது, பறப்பதற்குப் பதில் எதிலோ முட்டிக்கொண்டதுபோல வந்தது. மூன்றாவது அவருக்கே பிடித்துப்போனது. சிறகின் இறகுகளை ஒவ்வொன்றாகச் செதுக்கியிருந்தார். வார்த்து, தேய்த்து, மெருகேற்றி, ஒரு சனிக்கிழமை பானெட்டில் முடுக்கினார்.

மனைவி வந்து பார்த்தாள். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். "நல்லா பளபளன்னு இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் சமையலறைக் குழாயில் தண்ணீர் வேகமாகக் கொட்டும் சத்தம் கேட்டது.

மறுநாள் மச்சான் வழக்கம்போல ஆட்டிக்கொண்டே வந்தார். பானெட்டுக்கு வந்ததும் கையைப் பைக்குள் விடப் போனவர் அப்படியே நின்றார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மச்சான்."

"இது என்ன?"

"பறவை."

"அது தெரியுது." ஒரு விரலால் சிறகைத் தடவினார். "எதுக்கு இப்படிச் சிரிக்குது?"

பல்லுக்காரர் பார்த்தார். இத்தனை நாள் கண்ணில் படாதது அப்போதுதான் பட்டது. அவர் செதுக்கிய இறகுகள், அச்சு அசலாக மேல்வரிசை முன்பற்கள். ஒரு சிறகிலிருந்து மறு சிறகு வரை நல்ல ஆரோக்கியமான பல்வரிசை, கோரைப்பல் உள்பட.

மச்சானின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு ஒரு சத்தம் வந்தது. பழைய லிப்ட் நின்று நின்று கிளம்புவதுபோல விட்டு விட்டு வந்தது. அவர் மட்கார்டைப் பிடித்துக்கொண்டார். அதை ஆட்டிப் பார்க்கும் எண்ணம்கூட வராமல் நம்பிப் பிடித்துக்கொண்டார். சத்தம் கேட்டு ஓடிவந்த தங்கை, அண்ணன் சிரிப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்று, அப்புறம் நேற்றிலிருந்து அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்துச் சிரித்தாள். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பல்லுக்காரருக்குக் காது சுட்டது. கோபித்துக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தார். ஆனால் மச்சானின் திறந்த வாயைப் பார்க்காமலிருக்க அவரால் முடியவில்லை. கீழ்வரிசையில் இடதுபக்கக் கடைவாய்ப்பல் ஒன்று இல்லை. இவ்வளவு வருஷப் பழக்கத்தில் அது அவருக்குத் தெரியாது. அந்த மனிதர் எந்தப் பக்கம் மென்று சாப்பிடுகிறார் என்றுகூடக் கவனிக்கவில்லையே என்று தோன்றியது. அந்த யோசனையில் கோபம் எங்கோ நழுவிவிட்டது.

அந்த வாரம் புதன்கிழமை, ஞாயிறு தவிர வேறெந்த நாளும் வராத மச்சான் வந்தார். கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்து பானெட்டின் மேல் வைத்தார்.

"மேசையில இடத்தை அடைச்சுக்கிட்டு கிடந்துச்சு" என்றார்.

அவரே கைக்குட்டையைப் பிரித்தார். பறவையின் மூக்கில் மட்டும் முலாம் லேசாகத் தேய்ந்திருந்தது.

"அன்னிக்கு எல்லாரும் என்னென்னமோ பேசிட்டிருந்தாங்க. எனக்குக் கையை எங்க வைக்கறதுன்னு தெரியல. ஸ்பானர் அங்க கிடந்துச்சு." பறவையின் மூக்கைக் கட்டைவிரலால் தடவினார். "கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேன். நீங்க ரெண்டு பேரும் கேக்கவே இல்ல."

"உன்கிட்டயே இருக்கட்டும்னுதான் அண்ணே" என்றாள் தங்கை.

பல்லுக்காரர் ஸ்பானரை எடுத்து மச்சானிடம் நீட்டினார். "நீங்களே மாட்டுங்க. மூக்குல முலாம் போட்டுக் குடுக்கவா?"

"வேண்டாம். இருக்கட்டும்."

சிரிக்கும் பறவை கழன்றது. பாயும் பறவை உட்கார்ந்தது. மச்சான் அடியில் ரப்பர் வாஷர் வைத்து முடுக்கி, ஆட்டினார். ஆடவில்லை. ஏமாற்றம் இல்லாமல் தலையாட்டினார். பிறகு சுற்றும்முற்றும் பார்த்தார்.

"அது எங்க?"

"எது? அந்த அசிங்கமா? உருக்கிடலாம்னு."

"உருக்கறதா? இங்க குடுங்க. காத்துல பில்லெல்லாம் பறக்குது." கைக்குட்டையில் அதைச் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். கடைவாய்ப்பல்லுக்கு அச்சு எடுக்க எந்த டாக்டரிடம் போகலாம் என்று பல்லுக்காரர் மெல்ல ஆரம்பித்தபோது, "அதெல்லாம் அப்புறம்" என்று சைக்கிளை எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கார் தெருவுக்கு வந்தது. மனைவி ஓட்டினாள். கால் நீளமென்று மச்சான் முன்னால் உட்கார்ந்துகொண்டார். பல்லுக்காரர் பின்னால், ஜன்னல் சட்டத்தில் யார் விரலாவது பட்டிருக்கிறதா என்று துணியோடு கவனித்துக்கொண்டு வந்தார். தெருமுனைவரை எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. பெரிய சாலையில் ஏறி வேகம் பிடித்ததும் எங்கிருந்தோ டிக் டிக் என்று ஒரு சன்னச் சத்தம்.

"பின்கதவுச் சட்டம்" என்றார் மச்சான்.

"அது என் உள்ளங்கைக்குக் கீழ இருக்கு மச்சான். முன்னாடிதான் வருது."

"முன்னாடி நான் இருக்கேன். பின்னாடிதான்."

வண்டியை ஓரம்கட்டச் சொன்னார்கள். ஆளுக்கொரு பக்கம் இறங்கி, ஒருவர் முன்கதவிலும் ஒருவர் பின்மட்கார்டிலும் காதை வைத்துக்கொண்டார்கள். அவளை இன்ஜினை உறுமவிடச் சொன்னார்கள், நிறுத்தச் சொன்னார்கள், மறுபடி உறுமவிடச் சொன்னார்கள். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் சத்தமே வரவில்லை. ஆனாலும் இருவருமே தங்கள் காதில் கேட்பதாகச் சாதித்தார்கள். அவள் முழங்கையை ஜன்னலில் ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

அந்தப் பக்கம் வந்த ஒரு பெரியவர் நின்று, "என்னம்மா, வண்டி நின்னுடுச்சா? தள்ளி விடணுமா?" என்று கேட்டார்.

"வண்டி நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். "இவங்க ரெண்டு பேரும்தான் நின்னுட்டாங்க."